கொக்கும் மாடும், குளவியும் புழுவும்

போன ஓகஸ்ட் விடுமுறையில் எமது நிதியத்தின் மகளிர் குழுக்களிலிருந்தும் இளைஞர் கழகங்களிலிருந்தும் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்வந்தோம். பதுளை - செங்கலடி வீதியால் இறங்க இறங்க ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. தங்கியது நாவற்குடாவில். கல்லடிப் பாலத்தைத் தாண்டி, காத்தான்குடிக்கு முன்னால் வருகிற ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. எங்கள் மகளிர் குழு அக்கா ஒருவரின் மகள் அங்கே கல்யாணம் கட்டிக் குடியிருப்பதால் சோறு கறிக்குக் குறைவில்லை. (பாடும் மீன் கேட்டதா என்று பலர் விசாரிக்கிறார்கள். பயணக் களைப்பில் எல்லோரும் எட்டு மணிக்கே தூங்கிவிட்டோம் என்பதுதான் உண்மை.)

இரண்டாம் நாள் காலை வாவிக் கரையில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான் பிறந்தது.

கரையோரப் புல்லில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு மாட்டின் காலடியிலும் ஒன்றிரண்டு வெள்ளைக் கொக்கு. ஒரு கொக்கு மாட்டின் முதுகிலேயே ஏறி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்:

"பாருங்க, எவ்வளவு ஒத்துமையா இருக்குதுங்க. மாட்டு மேல இருக்கிற உண்ணியெல்லாம் கொக்கு பொறுக்கித் தின்னுது. மாட்டுக்கும் நல்லது, கொக்குக்கும் வயிறு ரொம்புது."

அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் தம்பி ஒருவர் விடவில்லை. "இல்லக்கா. கொக்கு இரைகௌவி. மீனைக் கொல்லும், தவளையைக் கொல்லும். அது எப்படி ஒன்றிய வாழ்வு ஆகும்?"

பக்கத்தில் தோணியை மறித்துப் போட்டு வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் மனே. ரெண்டு பேர் சொல்றதும் பிழையும்தான்."

அன்று மதியம் வரை அந்தப் பெரியவரோடு கதைத்துக்கொண்டிருந்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், வாவியில் படித்தது நிறைய. அவர் காட்டியதையும், திரும்பி வந்தபின் நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இது உதவும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கும் வீட்டுப் பக்கத்தில் மரக்கறி போடுகிறவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாக உதவும் என்று நம்புகிறோம்.

நீர்க்காகம் செய்வது என்ன?

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். அதில் மீன் பிடிப்பவர்களில் மனிதர் ஒரு பகுதிதான். அன்று காலை எங்கள் கண்முன்னே ஒரு நீர்க்காகம் தண்ணீருக்குள் முழுகி, எங்கோ தள்ளி எழும்பியது. அலகில் ஒரு மீன் துடித்தது. தலைப்பக்கமாகத் திருப்பி ஒரே விழுங்கு. பிறகு ஒரு கம்பத்தில் ஏறி, துணி காயப்போட்ட மாதிரி இரண்டு செட்டையையும் விரித்துக் காயவைத்தது.

இதுதான் இரைகௌவல். ஒரு உயிர் இன்னொரு உயிரைப் பிடித்து, கொன்று, தின்பது. பிடிப்பது இரைகௌவி, பிடிபடுவது இரை. இங்கே கவனிக்க வேண்டியது, இருவருக்கும் இடையிலான தொடர்பு எவ்வளவு நேரம் என்பது. சில விநாடிகள்தான். அந்த மீனும் அந்த நீர்க்காகமும் அதற்கு முன் சந்தித்ததில்லை. இனிச் சந்திக்கப்போவதும் இல்லை. ஒருவருக்கு முழு இலாபம், மற்றவருக்கு முழு நட்டம்.

ஆனால் ஒரு மீனை விட்டுவிட்டு வாவியிலுள்ள மீன் கூட்டம் முழுவதையும் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். ஒரு மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அத்தனையும் உயிர் தப்பினால் அவற்றுக்கே சாப்பாடு போதாது. நோய் பிடித்தது, சோர்ந்தது, கூட்டத்தை விட்டு விலகியது இவைதான் பெரும்பாலும் முதலில் மாட்டுகின்றன. மீன் குறைந்தால் நீர்க்காகங்களும் வேறு இடம் பார்த்துப் போய்விடும். மீன் மறுபடி பெருகும். இரைகௌவி இரையைக் கொல்கிறது, ஆனால் இரையின் குலத்தை அழித்துவிட்டால் அதற்கும் பட்டினிதான்.

பெரியவர் இதைத் தன் தொழிலோடு சேர்த்துச் சொன்னார். "நீர்க்காகம் வயிறு நிறைஞ்சா நிப்பாட்டிரும். நம்மட ஆக்களுக்குத்தான் வயிறு நிறையிறதில்ல. சின்னக் கண் வலையப் போட்டுக் குஞ்சு குறுமான் எல்லாத்தையும் வாரினா, அடுத்த வருசம் என்னத்தத் தின்னுறது?"

கூடி வாழ்வது மூன்று விதம்

இரைகௌவலுக்கு எதிர்ப்புறத்தில் வைத்துப் பேசப்படுவது ஒன்றிய வாழ்வு. ஒன்றி வாழ்வது என்ற சொல்லிலேயே பொருள் இருக்கிறது. இரண்டு வேறு இனங்கள் நீண்ட காலம் நெருங்கி வாழ்வது. நாள்கணக்கில், வருடக்கணக்கில், சில இடங்களில் பிறந்தது முதல் சாகும் வரை. அப்படிக் கூடி வாழ்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் நன்மை செய்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. (நம் லயத்து வாழ்க்கையிலேயே அது தெரியும்!)

இருவருக்கும் நன்மை என்றால் அது முதல் விதம். பள்ளிப் புத்தகத்தில் ஒன்றிய வாழ்வு என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். ஒருவருக்கு நன்மை, மற்றவருக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்றால் ஓரட்டிலுண்ணல். ஒருவருக்கு நன்மை, மற்றவருக்குத் தீமை, ஆனால் உடனே சாவு இல்லை என்றால் ஒட்டுண்ணி வாழ்வு.

இப்போது கொக்குக்கு வருவோம். அந்த வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்றே பெயர். பெயரைக் கேட்டால் அக்கா சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கொக்கு மாட்டின் உடம்பில் கொத்துவது எப்போதாவது ஒரு தரம். மற்ற நேரமெல்லாம் மாட்டின் காலடியைத்தான் பார்க்கிறது. மாடு காலை எடுத்து வைக்க, புல்லுக்குள் ஒளிந்திருக்கும் வெட்டுக்கிளியும் தத்துவெட்டியும் தவளையும் துள்ளும். டக்கென்று கொத்திவிடும். ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மாட்டோடு சேர்ந்து நடக்கும் கொக்கு, தனியாகத் திரியும் கொக்கைவிடக் குறைந்த நடையில் கூடுதலான இரையைப் பிடிக்கிறது. மாட்டுக்குக் கிடைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. நட்டமும் இல்லை. ஆகவே மாட்டுக்கும் கொக்குக்கும் இடையில் இருப்பது ஓரட்டிலுண்ணல். அதே கொக்குக்கும் வெட்டுக்கிளிக்கும் இடையில் இருப்பது இரைகௌவல். மாட்டின் காதுக்குள் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணிக்கும் மாட்டுக்கும் இடையில் இருப்பது ஒட்டுண்ணி வாழ்வு. ஒரு புல்தரையில், ஒரே நேரத்தில், மூன்றும் நடக்கின்றன. கொக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் இல்லை. யாருக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பெரியவர் இருவரையும் சரி என்றும் பிழை என்றும் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

ஒட்டுண்ணியைப் பற்றி மலைநாட்டாருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் அட்டைக்கு இரத்தம் கொடுக்காத கால் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு நீரைக் கலக்கிறது. அதனால்தான் அது விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வடிகிறது. வயிறு நிறைந்ததும் கழன்று விழுந்துவிடும். நம்மைக் கொல்வதில் அதற்கு இலாபம் இல்லை.

இந்த இடத்தில் எங்களோடு வந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்படீன்னா தோட்டமும் நாமளும் இதுல எந்த வகை?" எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்குப் பதில் கிடையாது என்று சொல்லி நாங்களும் நழுவிவிட்டோம்.

வேட்டைக்காரர் இருவர் கூட்டுச் சேர்வதும் உண்டு. பிரேசில் நாட்டின் தெற்கே லகூனா என்று ஒரு ஊர். மட்டக்களப்பு மாதிரியே வாவியும் வீச்சு வலையும் உள்ள ஊர். நூறு வருடங்களுக்கும் மேலாக அங்கே மீனவர்களும் டொல்பின்களும் சேர்ந்து மீன் பிடிக்கிறார்கள். மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு வரிசையாக நிற்பார்கள். கலங்கிய தண்ணீரில் மீன் எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. டொல்பினுக்குத் தெரியும். அது மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் சாய்த்துக்கொண்டு வந்து, சட்டென்று முழுகியோ தலையால் தண்ணீரில் அடித்தோ அடையாளம் காட்டும். அந்த நேரம் பார்த்து வலையை வீசினால் மீன். வலைக்குப் பயந்து சிதறும் மீன் டொல்பினுக்கு. 2023இல் வெளியான ஓர் ஆய்வு இருபக்கக் கணக்கையும் பார்த்தது. டொல்பின் காட்டும்போது வீசுகிற மீனவருக்கு மீன் கூடுதல். மனிதரோடு கூட்டுச் சேரும் டொல்பின்கள் சேராதவற்றைவிடக் கூடுதலாக உயிர் தப்புகின்றன. மீனுக்கு இருவருமே இரைகௌவிகள். ஆனால் இவர்கள் இருவருக்குள்ளும் இருப்பது நட்பு. இதைச் சொன்னபோது பெரியவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த மீன நம்மட வாவிக்கு ரெண்டு அனுப்பச் சொல்லுங்க" என்றார். டொல்பின் மீன் அல்ல, நம்மைப் போல் குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு என்று தம்பி திருத்தினார். "பால் குடுத்தாலும் பரவாயில்ல" என்றார் பெரியவர்.

போஞ்சிப் பந்தலில் நாங்கள் செய்த பிழை

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சு நம்ம பக்கத்துக்குத் திரும்பியது. கொக்கும் நீர்க்காகமும் அங்கே. நம் மலையில் யார் யாருக்கு என்ன உறவு?

லயத்துப் பக்கத்தில் போஞ்சி போடாதவர்கள் குறைவு. காய்த்து முடிந்த போஞ்சிக் கொடியை மெதுவாக வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு போலவும் மிளகு போலவும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். நோய் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்த முடிச்சுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உரமாக மாற்றிக் கொடுப்பது அவற்றின் வேலை. செடி அவற்றுக்கு இருக்க இடமும் சீனியும் கொடுக்கிறது. இருவருக்கும் நன்மை. தேயிலைக்குள் நிழலுக்கு நடும் டடாப் மரத்தின் வேரிலும் இதே கூட்டுத்தான். துரைமார் அந்த மரத்தைத் தேர்ந்ததற்கு நிழல் மட்டும் காரணம் அல்ல. ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். தேய்த்தால் உதிராமல், வேரே தடித்து வீங்கியிருந்தால் அது வேறு. அது வேரைத் தாக்கும் நுண்புழுவின் வேலை, ஒட்டுண்ணி.

இப்போது மேலே, கொடியின் நுனியைப் பார்ப்போம். கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் செடிப்பேன். வடக்கு கிழக்கில் அழுக்கணவன் என்பார்கள். அதுவும் ஒட்டுண்ணிதான். அதன் பின்பக்கத்திலிருந்து இனிப்பான நீர் வடியும். அதைக் குடிக்க எறும்பு வரும். வரும் எறும்பு சும்மா குடித்துவிட்டுப் போகாது, மாடு மேய்ப்பது போல் செடிப்பேனைக் காவல் காக்கும். யாரிடமிருந்து? சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த புள்ளிவண்டிடமிருந்து. புள்ளிவண்டும் அதன் புழுவும் செடிப்பேனைத் தின்னும் இரைகௌவிகள். ஆக அந்தச் சாண் நீளக் கொடி நுனியில் எறும்பும் செடிப்பேனும் கூட்டாளிகள், புள்ளிவண்டும் செடிப்பேனும் பகையாளிகள். நமக்கு வேண்டியவர் அந்தப் பகையாளி.

இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், கெட்ட பிறகு தெரியும். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு போஞ்சிப் பாத்தி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அதில் முதலைக் குட்டி மாதிரி உருவமுள்ள, கறுப்பில் செம்மஞ்சள் புள்ளியுள்ள சின்னப் புழுக்கள் ஊர்வதைக் கண்டோம். போஞ்சியைத் தின்கிறது என்று தீர்மானித்து, கடையில் கேட்டு மருந்து வாங்கி அடித்தோம். புழு செத்தது. செடிப்பேனும் செத்தது. சந்தோசப்பட்டோம். மூன்றாம் கிழமை பார்த்தால் ஒரு இலை மிச்சமில்லாமல் செடிப்பேன். நாங்கள் கொன்றது புள்ளிவண்டின் புழுக்களை. செடிப்பேன் ஆண் இல்லாமலே குட்டி போட்டுப் பெருகக்கூடியது. தப்பிய நாலைந்து போதும். புள்ளிவண்டு அப்படி அல்ல. வெளியிலிருந்து வந்து, முட்டையிட்டு, பொரித்து, வளர வேண்டும். ஆகவே மருந்துக்குப் பிறகு முதலில் திரும்பி வருவது எதிரிதான். அந்தப் போகத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சட்டிக் கறிக்கும் காணாது.

எல்லாப் புள்ளிவண்டும் நண்பன் என்றும் இல்லை. கத்தரியிலும் உருளைக்கிழங்கிலும் இலையைச் சுரண்டித் தின்னும் ஒரு மங்கலான வகை உண்டு. அதன் புழு மஞ்சளாக, முள்ளு முள்ளாக இருக்கும். புழு நிற்கும் இடத்தைப் பாருங்கள். இலை சல்லடையாக இருந்தால் அது தின்பது இலையை. இலை முழுசாக இருந்து செடிப்பேன் குறைந்துகொண்டு வந்தால், அதை விட்டுவிடுங்கள்.

தேயிலைக்கு உள்ளே

நாம் தேயிலைக்காரர் ஆனதற்கே ஒரு ஒட்டுண்ணிதான் காரணம். நம் பாட்டன் பூட்டன் முதலில் இந்த மலைக்கு வந்தது கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையில் ஒரு துரு நோய் கண்டது. பங்கசு ஒன்றின் வேலை. மலைக்கு மலை கோப்பியையே நட்டிருந்ததால் அதற்குத் தடையே இருக்கவில்லை. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் படுத்துவிட்டன. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கும் தன் பங்கு பங்கசு வந்தது. 1946இல் வந்த கொப்புள நோயைப் பற்றி வயதானவர்கள் இன்றும் கதை சொல்வார்கள்.

இதைவிட விசித்திரமானது கொம்பில் ஓட்டை போடும் வண்டு. நடுத்தர உயரமுள்ள தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கொழுந்து பறிக்கும்போது கை பட்டாலே கொம்பு மடக்கென்று முறியும். முறிந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. வண்டு கறுப்பாக, ஒரு எள்ளளவு. அது தேயிலைக் கட்டையைத் தின்கிறது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது கட்டையைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் வாய்ப்பக்கத்தில் ஒரு சிறு பையில் பங்கசு வித்தைக் கொண்டுவருகிறது. கொம்புக்குள் சுரங்கம் குடைந்து, சுரங்கச் சுவரில் அந்த வித்தைப் பதிக்கிறது. பங்கசு வளர்ந்து சுவரெல்லாம் பூசியது போல் ஆகும். வண்டும் குஞ்சுகளும் தின்பது அதைத்தான். சுருக்கமாகச் சொன்னால் அது கொம்புக்குள் ஒரு மரக்கறித் தோட்டம் போடுகிறது. வண்டு இல்லாமல் பங்கசு ஒரு கொம்பிலிருந்து இன்னொரு கொம்புக்குப் போக முடியாது. பங்கசு இல்லாமல் வண்டின் குஞ்சு வளராது. அருமையான ஒன்றிய வாழ்வு. நட்டம் முழுவதும் தேயிலைக்கும் நமக்கும். ஒன்றிய வாழ்வு என்றாலே நல்லது என்று பரீட்சையில் எழுதும் பிள்ளைகள் இந்த வண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டின் கதையோடு இன்னொரு கதை பின்னிக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

குளவி என்றால் நமக்குப் பயம். பயப்பட நியாயமும் இருக்கிறது. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இல்லாத தோட்டம் இல்லை. உயிர் போனதையும் வருடாவருடம் கேட்கிறோம். ஆனால் குளவிகளில் நுளம்பளவே உள்ள, மனிதரைக் கொட்டாத வகைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இந்த நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள்.

அந்தக் காலத்தில் தேயிலைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இலையைச் சுருட்டும் புழு. கொழுந்தை இலையோடு இலை ஒட்டி, உள்ளே இருந்து தின்னும். அதன் முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்குவதும் அன்றைய தோட்ட வேலைகளில் ஒன்று. 1935-36 ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மக்ரோசென்ட்ரஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அது சுருண்ட இலைக்குள் இருக்கும் புழுவைத் தேடிப் பிடித்து, அதன் உடம்புக்குள் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சுகள் புழுவை உள்ளேயிருந்தே தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிட்டு வெளியே வரும். உள்ளே குடியிருக்கும் வரை ஒட்டுண்ணி. வெளியே வரும்போது இரைகௌவி. நாம் மேலே போட்ட கோட்டை இது தாண்டிக் குதித்துவிடுகிறது. இயற்கை பரீட்சைத் தாள் பார்த்து நடப்பதில்லை! சில வருடங்களில் அந்தக் குளவி தேயிலை மலைகளில் பரவியது. இலை சுருட்டும் புழு பெரிய பிரச்சினையாக இல்லாமல் போனது. யாரும் மருந்தடிக்கவில்லை, கூலி கொடுக்கவில்லை.

பிறகு 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஓட்டை போடும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது. ஆனால் அடித்த மலைகளில், பல வருடமாகத் தலைகாட்டாத இலை சுருட்டும் புழு கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது. சுருளுக்குள் மறைந்து வாழும் புழுவைவிட வெளியே பறந்து திரியும் குளவிக்கே அந்த மருந்து கடுமையாக விழுந்தது. ஒரு வண்டையும் பங்கசையும் பிரிக்கப்போய், நமக்காகக் காவல் நின்ற குளவியைக் கொன்றுவிட்டோம். எங்கள் போஞ்சிப் பாத்தியில் நடந்ததும் இதுவேதான், சின்ன அளவில். டீல்ட்ரின் இலேசில் அழியாத நஞ்சு. மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் தங்கிவிடும். 2001இல் உலக நாடுகள் ஸ்டொக்ஹோமில் கூடி ஒழிக்கத் தீர்மானித்த நஞ்சுகளின் பட்டியலில் அதுவும் இருந்தது. அன்று அதைத் தோளில் சுமந்து அடித்தவர்கள் யாருடைய அப்பாக்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இலை சுருண்டிருந்தால் உடனே மருந்து கேட்காமல் நாலைந்து சுருளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே புழு செத்துக் கிடந்து, பக்கத்தில் சின்னச் சின்னக் கூடுகள் ஒட்டியிருந்தால் நம் ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறார். அந்தச் சுருளை நசுக்காமல் விட்டுவிடுங்கள், வெளிக்களத்து ஐயாவுக்கும் காட்டுங்கள். வீட்டுத் தோட்டத்தில் மருந்தடித்தே ஆகவேண்டும் என்றால் விவசாயப் போதனாசிரியரிடம் பூச்சியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அடியுங்கள். பூ பூத்திருக்கும்போது காலை நேரத்தில் அடித்தால் தேனீ சாகும், பிறகு பூசணி காய்க்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

கொட்டுகிற பெரிய குளவி வேறு விடயம். அவையும் புழு பூச்சி பிடித்துத் தம் குஞ்சுக்குக் கொடுக்கும் இரைகௌவிகள்தான். அதற்காக ஆட்கள் கொழுந்து எடுக்கும் மலையில் கூட்டை வைத்திருக்க முடியாது. கூட்டைக் கண்டால் கல்லெறியவோ தீ வைக்கவோ போகாமல், அந்த இடத்தை விட்டு விலகி, கங்காணியிடம் சொல்லி, பழக்கமுள்ளவர்களைக் கொண்டு அகற்றச் செய்யுங்கள். கொட்டுப்பட்டவருக்கு முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ லயத்தில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நாவற்குடாப் பெரியவருக்கு இந்த இதழில் ஒரு பிரதி அனுப்புகிறோம். சின்னக் குளவியின் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் நம்பவில்லை. உங்கள் மலையில் அப்படிச் சுருளைப் பிரித்துப் பார்த்தவர்கள், எந்தத் தோட்டம், எந்த மாதம், என்ன கண்டீர்கள் என்று இரண்டு வரி எழுதி எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போட்டு அவருக்கும் அனுப்பிவைப்போம்.